பதறாத காரியம்

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதுவோம் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். உண்மையில் நாமும் எதிர்பார்க்கவில்லை. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான நண்பர் ஒருவர் ஒருநாள் மாலை நம் இல்லத்திற்கு வந்தார். "பையன் காரை எடுத்துக்கொண்டு பந்தயத்திற்குப் போகிறேன் என்கிறான். வேண்டாம் என்று தடுக்க மனமில்லை. போ என்று சொல்லத் துணிவுமில்லை. நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நண்பர் திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது இப்பொழுதெல்லாம் மகனே கார் ஓட்டுகிறான். வழியோ 2,500 கிலோமீட்டருக்கு மேல். பின்னிருக்கையில் தாயும் தங்கையும் அமர்ந்திருப்பார்கள். திடலில் பழகும் பழக்கம் நெடுஞ்சாலைக்கும் உடன்வந்துவிடுமோ என்பதே தந்தையின் அச்சம். அது நியாயமான அச்சமன்றோ!

ஆகவே, சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று, பனிமூட்டம் விலகும் வேளையில், குருகிராமத்திற்கு அப்பாலுள்ள ஒரு மண் திடலுக்குப் புறப்பட்டோம். மகன்தான் காரோட்டினான். அம்மையார் புளியோதரையும் ஒரு தூக்கு நிறைய மோரும் கொடுத்தனுப்பியிருந்தார். திடலை அடைவதற்குள் மோரில் கால்பங்கு நண்பரின் வேட்டியில் கொட்டிவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியைப் பிழிந்துகொண்டார்.

நாம் கண்ட போட்டிக்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பலரும் எண்ணுவதுபோல் கார்கள் கூட்டமாய் ஓடி ஒன்றையொன்று முந்தும் பந்தயம் அன்று இது. திடலில் கூம்புகளை நட்டு, வளைவும் திருப்பமுமாக ஒரு தடம் வகுத்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே அதில் ஓட வேண்டும். எதிரி கடிகாரம் ஒன்றே. கூம்பைச் சாய்த்தால் தண்டமாக வினாடிகள் கூட்டப்படும். அமெரிக்க மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் விதிப்படி ஒரு கூம்புக்கு 2 வினாடி. அங்கே பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களிலும் பழைய விமானத் தளங்களிலும் நடத்துகிறார்கள்; நம் நாட்டிலோ மண் தடமே மிகுதி. அலுவலகம் செல்லும் காரையே கொண்டுவந்து, தலைக்கவசம் அணிந்து ஓட்டலாம் என்பதால், பணம் படைத்தவர் அல்லாதாரும் இதில் கலந்துகொள்கின்றனர்.

நண்பரின் மகனும், அவனோடு பணிபுரியும் பஞ்சாபி இளைஞர் ஒருவரும், ஒரே மாருதி ஸ்விஃப்டை மாறி மாறி ஓட்டினர். காரும் ஒன்று, டயரும் ஒன்று, தடமும் ஒன்று. ஓட்டுபவர் மட்டுமே வேறு. இதனினும் நேர்மையான ஒப்பீடு கிடைக்குமா? போட்டிக்கு முன் தடத்தை நடந்து பார்க்க அனுமதியுண்டு. பஞ்சாபி இளைஞர் இருமுறை நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அடுத்த கூம்பு எங்கே என்று நோக்கினார். நம் பிள்ளையோ கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

முதலில் நம்மவன் புறப்பட்டான். சக்கரங்கள் சுழன்று மண்ணை வாரி இறைத்தன. வளைவின் வாயில் வரை வேகத்தைக் குறைக்காமல் சென்று, திடீரெனப் பிரேக்கை மிதித்து, அதே கணத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பினான். கார் திரும்பாமல் நேரே சறுக்கியது. பின்னர் வால் வீசியது. புழுதி வானளாவ எழுந்தது. கூட்டம் கைதட்டியது, நாமும் தட்டினோம். நண்பர் மட்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். இரண்டு கூம்புகள் சாய்ந்தன.

அடுத்து பஞ்சாபி இளைஞர். ஆரவாரம் இல்லை, புழுதியும் குறைவு. 'பாவம், மெதுவாகச் செல்கிறாரே' என்று இரங்கினோம். நேரத்தை அறிவித்தபோது திகைத்தோம். கூம்புத் தண்டத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே அவர் மூன்று வினாடி முந்தியிருந்தார்! கண்ணுக்கு வேகமாகத் தோன்றியது கடிகாரத்திற்கு வேகமாகத் தோன்றவில்லை.

இதன் காரணத்தை அவ்விளைஞரே நமக்கு விளக்கினார். அதை நம் குடும்பக் கணக்கில் வைத்துச் சொல்கிறோம். டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது, அளவு ஒன்றுதான். பிரேக் பிடிப்பதும், திரும்புவதும், வேகம் கூட்டுவதும் அந்த ஒரே பையிலிருந்து செய்யும் செலவுகள். முழுச் சம்பளத்தையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு மளிகைக்கு எங்கே போவது? பிரேக்கிற்கே பிடிமானம் முழுவதையும் செலவிட்டவன் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும். முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் இத்தகைய காரில், திரும்பும் பணியும் இழுக்கும் பணியும் அவ்விரு டயர்களையே சார்ந்திருப்பதால், அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் அதே கதிதான்.

பாரத்தின் போக்கையும் அவர் விளக்கினார். பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னே சாய்கிறது. முன் டயர்கள் தரையை நன்கு கவ்வுகின்றன. பிரேக்கைச் சட்டென விட்டால் பாரம் பின்னே ஓடிவிடுகிறது. திரும்ப வேண்டிய கணத்தில் கவ்வும் வலிமை போய்விடுகிறது. தலையில் நிறைகுடம் சுமந்து நடக்கும் பெண், விரைந்து நடந்தாலும் உதறி நடப்பதில்லை. கதை அதுதான்.

இதைக் கேட்ட நம் பிள்ளை, இரண்டாம் முறை மிகவும் பயந்து பயந்து ஓட்டினான். கூம்பு ஒன்றும் சாயவில்லை. ஆனால் நேரமோ முதல் ஓட்டத்தினும் மோசம். "நிதானமாகத்தானே ஓட்டினேன் மாமா, அப்படியும் தோற்றேனே!" என்று நம்மிடம் வருந்தினான். பஞ்சாபி இளைஞர் நகைத்தார். "நிதானம் வேறு, தயக்கம் வேறு. நேர்த்தடத்தில் நான் உன்னைவிட வலுவாகவே பிரேக் பிடிக்கிறேன். ஆனால் வளைவுக்கு முன்பே அவ்வேலையைப் பெரிதும் முடித்து, காலை மெல்லத் தளர்த்திக்கொண்டே திரும்புகிறேன். நீ உன் முன்னாலுள்ள கூம்பைப் பார்க்கிறாய், நான் அதற்கு அடுத்ததைப் பார்க்கிறேன்" என்றார்.

அப்படியாயின் முரட்டு ஓட்டத்திற்கு இடமே இல்லையா? உண்டு. மண் தடத்தில் வழுவழுப்பாக மட்டும் ஓட்டினால், குறுகிய திருப்பத்தில் கார் திரும்பாது. அவ்விளைஞரே ஒரு கொண்டையூசி வளைவில் கைபிரேக்கை இழுத்து வாலை வீசச் செய்தார். ஆனால் தேவையான அளவே வீசச் செய்தார். அதற்கு மேற்பட்ட சறுக்கல் ஒவ்வொன்றும் இழந்த நேரமே.

உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்றும் உண்டு. 1988-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் மெக்லாரன் அணிக்காக ஆலன் ப்ரோஸ்டும் அயர்டன் சென்னாவும் ஒரே வகைக் காரை ஓட்டினர். ப்ரோஸ்டின் ஓட்டம் நீரோட்டம் போன்றது. சென்னாவோ வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மிதிப்பவர். மொத்தம் 16 பந்தயங்களில் சென்னா 8, ப்ரோஸ்ட் 7 வென்றனர். பட்டம் சென்னாவுக்கே. ஆகவே நிதானமே என்றும் வெல்லும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் சென்னாவின் மிதிப்பு பதற்றத்தில் பிறந்ததன்று. டயரின் பிடிமானத்தை நொடிக்கு நொடி அளந்தறியும் கலையாகும். அளவறிந்த முரட்டுத்தனம் வேறு. அளவறியாத பதற்றம் வேறு.

மூன்றாம் ஓட்டத்திற்கு முன், நம் பிள்ளை தடத்தின் ஓரமாக நின்று ஒவ்வொரு வளைவையும் கண்ணால் அளந்தான். பின்னர் ஓட்டினான். கூட்டம் கைதட்டவில்லை. ஆனால் தன் முதல் நேரத்தைவிட இரண்டு வினாடிக்கு மேல் குறைத்திருந்தான். நண்பனை வெல்லவில்லை, தன்னை வென்றான்.

மாலையில் திரும்பும்போதும் அவனே ஓட்டினான். மறித்தோடும் இருசக்கர வண்டிகளும், வேகத்தடைகளும், சாலை நடுவே நின்ற மாடுகளும் காலையில் இருந்தவாறே இருந்தன. தூக்கில் எஞ்சிய மோரை நண்பர் மடியில் வைத்திருந்தார். வீடு வந்து சேர்ந்ததும் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்றிரவு நம் கருத்தைச் சொன்னோம். திடலில் தடம் முன்பே தெரியும்; எதிரே வருவார் இல்லை; பிழைக்கு விலை இரண்டு வினாடி. சாலையில் கூம்பின் இடத்தில் குழந்தை நிற்கும். ஆகவே திடலின் வேகம் திடலோடு நிற்கட்டும். முன்னோக்கும் கண்ணும் உதறாத கையும் மட்டும் ஊர்வரை உடன் வரட்டும். அந்த வேறுபாட்டை அறிந்த பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை.

நண்பர் சிறிது நேரம் யோசித்துவிட்டு மகனை அழைத்தார். "போய்வா. ஆனால் அடுத்த முறை முதலிலேயே தடத்தை நடந்து பார்" என்றார். அதற்குப் பின், அம்மையார் நமக்கு அந்த மோரையே ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்தார். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னதைப் பருகியே அறிந்தோம்.