பிளக் சேர்ந்தது, எழுத்து வரவில்லை!

பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு ஒன்றை 2,000 ரூபாய் கொடுத்து முட்டத்துக்கு வாங்கி வந்தேன்.

டைப்ரைட்டிங் படித்த விரல்களுக்கு இன்றைய கீபோர்டு பிடிப்பதில்லை. பழையதில் ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் சுருள்வில் உண்டு. "டக், டக்" என்று சத்தம் வரும். அந்த ஆசைதான்!

"கடல் காற்றில் வில் துருப்பிடிக்குமே" என்றாள் மனைவி. வில் நன்றாகவே இருந்தது. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் பிளக்கும் கச்சிதமாக நுழைந்தது. ஆனால், ஓர் எழுத்துகூட வரவில்லை!

காரணம் என்ன?

ஐ.பி.எம். கம்பெனி 1981-ல் ஒரு கம்ப்யூட்டரை விற்றது. 1984-ல் "ஏ.டி." என்ற வேறொன்றை விற்றது. இரண்டுக்கும் ஒரே வட்டமான பிளக், ஐந்து ஊசி. ஆனால், பொத்தானை அழுத்தினால் போகும் சங்கேதம் வேறு. பாஷை தெரியாத ஊரில் மீன் விலை பேசிய கதைதான்! நான் வாங்கிய கீபோர்டு முந்தியது. வீட்டில் இருந்ததோ ஏ.டி.

சில கீபோர்டுகளின் அடியில், இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளச் சிறு சுவிட்ச் இருக்கும். என்னுடையதில் இல்லை. இன்றைய யு.எஸ்.பி. கம்ப்யூட்டரில் மாட்ட, பிளக்கை மாற்றினால் போதாது. சங்கேதத்தை மாற்றும் தனிக் கருவி வேண்டும். அதற்கு வேறு பணம்!

விற்றவரிடம் கேட்டேன். "பிளக் சேர்ந்ததா, இல்லையா?" என்றார்.

இது நியாயமா? பழைய ரேடியோவைப் பாட வைத்துக் காட்டித்தானே விற்கிறார்கள்? கீபோர்டு விற்பவரும் நான்கு எழுத்து அடித்துக் காட்டட்டும். எந்தக் கம்ப்யூட்டருக்கு உரியது என்று ரசீதில் எழுதித் தரட்டும். முடியாவிட்டால், "மேஜை அழகுக்கு மட்டும்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுக்கட்டும்!