இரண்டு மாதக் குழந்தை எதை அறிக்கையிட்டது?

போன ஜூன் மாதம், பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி தன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருந்தார்கள். ஆர்.ஐ. அவளது மாற்றுச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மதம் என்ற இடத்தில் ‘கிறித்தவம்’ என்று இருந்தது. “ஞானஸ்நானம் வாங்கியிருக்கியாம்மா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றாள். அத்தோடு விசாரணை முடிந்தது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று சான்றிதழ் வந்துவிட்டது.

அவளுக்கு மூன்று வயது மூத்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய சான்றிதழில் ‘இந்து, ஆதிதிராவிடர், பட்டியல் சாதி’ என்று இருக்கிறது. ஒரே அப்பா, ஒரே அம்மா, காலனியில் ஒரே வீடு. அண்ணன் பிறந்தபோது கோயில் தேர் காலனித் தெருவுக்குள் வராது என்று சொன்ன பங்கோடு அப்பாவுக்குச் சண்டை. அதனால் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. இவள் எடை குறைவாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். பிழைத்தால் கோயிலுக்குக் கொண்டுவருகிறேன் என்று பாட்டி வேண்டிக்கொண்டார். இரண்டாம் மாதம் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. பின்னால் அந்த ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டித்தான் கான்வென்ட் பள்ளியில் சீட் வாங்கினார்கள்.

அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “அக்கா, எனக்கு அப்ப ரெண்டு மாசம். நான் என்ன சொன்னேன்னு அந்த நோட்டுல எழுதி வச்சிருக்காங்க?”

தோழர்களே, அந்தக் கேள்வியை அவள் அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. திருச்சபையிடமும் அரசிடமும் சேர்த்தே கேட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் திருச்சபை. சம்மதம் சொல்லத் தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பது கிறித்தவத்துக்குள்ளேயே பழைய சண்டை. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு சிறு குழு, குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசம் என்பது ஒருவர் தன் வாயால் அறிக்கையிடுவது என்று சொல்லி, வளர்ந்தவர்களாக மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 1527 ஜனவரியில், அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் கத்தோலிக்கர்களும் அல்லர். சீர்திருத்தம் பேசிய நகரத்து ஆட்சியாளர்கள். ஒரு சடங்கு எந்த வயதில் நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு உயிர் விலையாகப் போயிருக்கிறது என்றால், யார் யாரை எப்போது பதிவேட்டில் எழுதுவது என்ற அதிகாரம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த விவாதம் இன்று நம் காலனிகளிலும் இருக்கிறது. ஒரே தெருவில் கத்தோலிக்கக் கோயிலும் சி.எஸ்.ஐ. சபையும் பெந்தெகொஸ்தே ஜெபவீடும் இருக்கும். முதல் இரண்டிலும் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் குழந்தைக்குப் பதிலாகப் பதில் சொல்வார்கள். மூன்றாவதில் குழந்தையை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வதோடு சரி. முழுக்கு, வளர்ந்த பிறகு அவரவர் முடிவு.

குழந்தை ஞானஸ்நானத்துக்குச் சபைகள் சொல்லும் நியாயம் அற்பமானது அல்ல. அருள் என்பது கேட்டு வாங்குவது இல்லை, இலவசமாகக் கிடைப்பது. தாய்ப்பாலைக்கூடக் குழந்தையைக் கேட்டா கொடுக்கிறோம் என்பார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது உண்மைதான். ஆனால் அதே சபைகள்தான் உறுதிப்பூசுதல் என்றும் திடப்படுத்தல் என்றும் இன்னொரு சடங்கை வைத்திருக்கின்றன. தொட்டிலில் இன்னொருவர் தனக்காகச் சொன்னதை, விவரம் தெரிந்த பிறகு பிள்ளை தானே சொல்ல வேண்டும் என்று அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இப்போது நம் பாட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஏன் கோயிலுக்குப் போனார்கள்? பக்தி மட்டும் காரணம் இல்லை. பல குடும்பங்களில், ஆண்டையின் கணக்கு நோட்டில் கடனாளியாக மட்டும் இருந்த ஒரு பரம்பரையின் பெயர், முதன்முதலாக மரியாதையாக எழுதப்பட்ட இடம் ஞானஸ்நானப் பதிவேடு. கேலிக்காக வைக்கப்பட்ட பெயர் போய், எசேக்கியேல் என்றும் ஞானம்மாள் என்றும் ஒரு பெயர். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, எல்லாம் ஒரே வரியில். பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு வந்தது. அந்தத் தண்ணீர் அவர்களுக்கு மதம் மட்டுமல்ல, மனிதர் என்ற பதிவு. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘குழந்தையின் சம்மதம்’ என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அந்தப் பதிவேட்டைத்தான் இன்று தாசில்தார் அலுவலகத்தில் பேத்திக்கு எதிரான சாட்சியாக வைக்கிறார்கள்.

சட்டம் சொல்வது இதுதான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தை அறிக்கையிடுகிறவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் கல்வி உதவித்தொகை போன்ற சில சலுகைகள் மாறியவர்களுக்கும் உண்டு. ஆனால் வேலைவாய்ப்பில் பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்தில் இடமில்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாதுகாப்புத் தராது. அந்த வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். நாளைக்கு ஊர்க்காரன் ஒருவன் அண்ணனையும் தங்கையையும் ஒரே சாதிப் பெயரைச் சொல்லி ஒரே இடத்தில் அடித்தால், அண்ணனுக்கு அந்தச் சட்டம் உண்டு, தங்கைக்கு இல்லை. அடிக்கிறவன் பதிவேட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? 1960களில், பௌத்தம் தழுவிய ஒருவரின் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மதத்தை அறிக்கையிடுவது என்றால் அது தன்னுடைய நம்பிக்கை என்று வெளிப்படையாகத் தெரிவிப்பது என்று விளக்கியது. 1984இல் ராசிபுரம் தனித்தொகுதி வழக்கில், வென்றவர் ஏழு மாதக் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் என்ற வாதம் வந்தது. அப்படியே இருந்தாலும் அவர் எப்போதோ இந்துவாக, ஆதிதிராவிடராகத் திரும்பிவிட்டார், அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார் என்று சொல்லி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. அவரும் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர். அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டார். வளர்ந்த பிறகும் தொடர்ந்து தேவாலயத்துக்குப் போகிறார், இந்து மதத்துக்குத் திரும்பியதற்கு ஆதாரம் இல்லை, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு ஞானஸ்நானத்தை மட்டும் வைத்து எழுதப்பட்டது அல்ல, வளர்ந்த பெண்ணின் வாழ்க்கையையும் பார்த்தது. ஆனால் எனக்கு இங்கே ஒரு கேள்வி உண்டு. தன் வாயால் சொல்வதுதான் அறிக்கை என்றால், தலை நிற்காத குழந்தை எதை அறிக்கையிட்டது? அந்தச் சடங்கு மத மாற்றம் என்றால், எதிலிருந்து மாறியது? அந்தக் குழந்தை இந்து என்று யாரிடம் சம்மதம் வாங்கினார்கள்? எந்தச் சடங்கும் இல்லாமல், யாரும் கேட்காமல், காலனியில் பிறந்த குழந்தையை இந்து என்று எழுதுகிறது இந்த நாடு. சாதியையும் அப்படித்தான் எழுதுகிறது. சம்மதம் பற்றிய கேள்வியைத் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து அங்கேயே முடிப்பது அறம் ஆகாது. பிரசவ வார்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில் விழக் கூடாது. “சம்மதம் இல்லாத குழந்தைகளை மதம் மாற்றுகிறார்கள்” என்று கூச்சல் போடுகிறவர்கள் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இல்லை. 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இவர்களைக் கட்டாயமாக மாற்றினால் தண்டனை கூடுதல் என்றது அது. 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் மொழியைக் கவனியுங்கள். நாற்பது வயது தலித்தும் நான்கு வயதுக் குழந்தையும் ஒரே வரிசையில். 1936இல் காந்தி, தீண்டப்படாதவர்களிடம் கிறித்தவத்தைப் போதிப்பது பற்றிப் பேசும்போது, ஒரு பசுவிடம் போய்ப் போதிப்பீர்களா என்று கேட்டார். நமக்கு முடிவெடுக்கத் தெரியாது என்ற அதே எண்ணம்தான் சட்டமாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கர், 1956 அக்டோபர் 14 வரை இருபத்தோரு ஆண்டுகள் படித்து, விவாதித்து, பிறகுதான் நாக்பூரில் தீட்சை எடுத்தார். தலித்துக்குச் சம்மதம் என்றால் என்னவென்று தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அம்பேத்கரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மதம் என்பது நாம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். அப்படியென்றால் நம் பிள்ளைகளுக்கும் அந்த உரிமையை விட்டுவைக்க வேண்டும்.

குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு குழந்தைக்குச் சிந்தனை, மனசாட்சி, மத உரிமை உண்டு என்கிறது. அதே பிரிவு, வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு, ஆனால் குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்றபடி என்கிறது. இந்தியா 1992இல் இதை ஏற்றது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகலாம், பாட்டுச் சொல்லித் தரலாம், கிறிஸ்துமஸ் கொண்டாடலாம். வழிகாட்டுவது அது. வாழ்நாள் முழுக்க அழியாத முத்திரை என்று சபையே சொல்லும் ஒன்றைப் பிள்ளையின் பெயரில் போட்டுவிடுவது வேறு. அதற்குக் காத்திருக்கலாம். ஆசீர்வாதம் வாங்குங்கள், பிரதிஷ்டை செய்யுங்கள். முத்திரையை அவள் பேசட்டும், பிறகு அவளே கேட்கட்டும்.

ஒரு எதிர்வாதம் வரும். சான்றிதழுக்குப் பயந்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொல்வது, நம் விசுவாசத்தின் சாவியை அரசின் கையில் கொடுப்பது இல்லையா? நியாயமான கேள்வி. எனக்கும் பள்ளியில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். ‘வெளியே அந்தப் பேரைச் சொல்லாதே’ என்று அம்மா சொல்லி வளர்த்தார். எட்டு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன், அதுவும் கடவுள் விஷயத்தில். அந்தப் பொய்யை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் சொல்கிறேன், காத்திருப்பது சான்றிதழுக்காக அல்ல, பிள்ளைக்காக. மூன்றாவது பத்தி நாளைக்கே நீக்கப்பட்டாலும் என் கருத்து இதுதான்.

ஆனால் அந்தப் பத்தி நீக்கப்பட்டே ஆக வேண்டும். பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. தீண்டாமை மதம் பார்த்து நிற்பதில்லை. தனிக் கல்லறை, தனிப் பாதை, ஊருக்குள் வராத தேர், இவை தேவாலயத்திலும் இருக்கின்றன. 2008இல் எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் தெருவில் இறங்கியது அதற்காகத்தான். குழந்தைக்குச் சம்மதம் கேட்காமல் தண்ணீர் ஊற்றும் சபை, அந்தக் குழந்தை வளர்ந்து பிணமாகும்போது எந்தக் கல்லறையில் புதைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் பங்கிலோ சபையிலோ இளைஞர் கூட்டம் இருந்தால், இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தைய தயாரிப்பு வகுப்பில், இதனால் சட்டப்படி பிள்ளைக்கு என்னவாகும் என்று பெற்றோரிடம் சொல்கிறீர்களா? காத்திருக்கிறோம் என்று சொல்லும் குடும்பத்தை மற்றவர்களைப் போலவே நடத்துவீர்களா? முடிவைப் பெற்றோரே எடுக்கட்டும், ஆனால் தெரிந்து எடுக்கட்டும். அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று: பதினெட்டு வயதுக்கு முன் நடந்த எந்தச் சடங்கையும் ஒருவருக்கு எதிரான சாட்சியாக எடுக்காதே.

அந்த மாணவி இப்போது பி.சி. இடத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மதம் திரும்பிவிட்டேன் என்று சடங்கு செய்து எழுதிக்கொடுத்தால் வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். “ரெண்டு மாசத்துல என்னைக் கேக்காம எழுதினாங்க. இப்பவும் எனக்கு இல்லாத ஒண்ணை நானே எழுதணுமா அக்கா?” என்றாள்.

அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அதை அவள் சொல்ல வேண்டிய நாளில் அவளே சொல்வாள்.

ஜெய்பீம்.