லாலாகுடாவின் தமிழும் நமது ஆய்வுப் புலமும்

ஹைதராபாத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சார்மினாரில் தொடங்கி ஹைடெக் சிட்டியில் முடித்துவிடுகின்றனர். செகந்திராபாத் நிலையத்துக்குச் சற்றுக் கிழக்கே, தண்டவாளங்களை ஒட்டி வளர்ந்த லாலாகுடா அந்த வரலாற்றில் ஒரு நிறுத்தமாகக்கூட இடம்பெறுவதில்லை. ஆய்வின் பொருட்டு இப்பகுதியில் மூன்றாண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கும் மாணவன் என்ற முறையில், இந்த விடுபடல் குறித்துச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

லாலாகுடாவை உருவாக்கியது அரண்மனையன்று, ஒரு ஒர்க்‌ஷாப். நிஜாம் அரசின் உத்தரவாதம் பெற்ற ரயில்வே நிறுவனம் 1893இல் இங்கே தனது பணிமனையை நிறுவியது. அதைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் எழுந்தன. ஆங்கிலோ இந்தியர், தெலுங்கர், உருது பேசுவோர், தமிழர் எனப் பலரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து வேலைக்குச் சென்றனர். 1966இல் தென்மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த பின்னரும் பணிமனை தொடர்ந்தது. இன்றும் அங்கே ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கப்படுகின்றன.

தமிழர்க்கு இந்நகரம் புதிதன்று. 1798ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை அடுத்து இங்கே முகாமிட்ட ஆங்கிலேயப் படையுடன் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் வணிகர்களும் வந்தனர். 1862இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரி ஆயிற்று. ஆனால் முதலியாரின் பெயருக்குக் கிடைத்த இடம், பணிமனையில் இரும்பு அடித்த தமிழருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் வாழ்கிறார். சென்ற மாதம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து, "தம்பி, எங்கப்பா எழுதின லெட்டர். எனக்குப் பேச வரும், படிக்க வராது. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்றார். வேலூர்ப் பக்கத்து ஊரிலிருந்த தம் தாய்க்கு அவர் தந்தை எழுதி, அத்தாயின் மறைவுக்குப் பின் திரும்பி வந்த கடிதங்கள் அவை. அறுபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் மகனால் வாசிக்க முடியாத எழுத்து. அவர் படித்தது தெலுங்கு வழியில்; பேரப்பிள்ளைகள் படிப்பது ஆங்கில வழியில். "இங்க எங்களை அரவம்ங்கறாங்க, ஊருக்குப் போனா தெலுங்குக்காரன்ங்கறாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தமிழைக் கேட்ட நம் நண்பர் ஒருவர், "கலப்படத் தமிழ்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். மொழியியல் பயின்றோர் அப்படிச் சொல்லலாகாது. "சங்கு ஊதிச்சு, கலாசிங்க எல்லாம் டியூட்டிக்குப் போயாச்சு" என்பது அவர் கூறிய ஒரு வாக்கியம். 'கலாசி' இந்துஸ்தானி வழி வந்தது, 'டியூட்டி' ஆங்கிலம். ஆயினும் பன்மை விகுதியும் நான்காம் வேற்றுமை உருபும் வினைமுற்றும் முழுமையாகத் தமிழ். மராட்டிய மாநிலத்தின் குப்வார் கிராமத்தில் மராத்தி, கன்னடம், உருது ஆகியவற்றின் இலக்கண அமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கியதையும் சொற்கள் தனித்து நின்றதையும் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் எழுதிக் காட்டினர். லாலாகுடாவின் இவ்வாக்கியம் அதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது: சொற்கள் கலந்துள்ளன, இலக்கணம் நிலைத்துள்ளது. ஒரு வாக்கியத்தைக் கொண்டு முடிவுக்கு வர இயலாது என்பதை அறிவேன். ஆய்வு தேவை என்று கூறுவது அதனாலேயே.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆல்டூனா என்றொரு சிறு நகரம் உண்டு. 1849இல் ஒரு ரயில்வே நிறுவனம் தன் பணிமனைகளுக்காகவே உருவாக்கிய ஊர் அது. அங்கே பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில், தொழிலாளர்களின் வாழ்வைக் கூறும் அருங்காட்சியகம் இயங்குகிறது. எஞ்சின்களைப் போலவே அவற்றைச் செய்த கைகளும் நினைவுகூரத் தக்கவை என்பது அவ்வூரின் நிலைப்பாடு. லாலாகுடாவுக்கும் அந்த மதிப்பு உரியது.

"ஆவணப்படுத்துவதைவிட அப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிப்பதே முதற்பணி" என்று சிலர் கூறலாம். இரண்டும் வேண்டும். ஆனால், உங்கள் பேச்சு பிழையானது என்று சொல்லிக்கொண்டே நுழையும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் விரும்பிக் கற்காது. மதிப்பு முதலில் வரவேண்டும். பாடம் பின்னர் வரும்.

புலம்பெயர் தமிழ் என்றதும் நம் கண் மலேசியாவுக்கும் கனடாவுக்கும் செல்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் அடையக்கூடிய செகந்திராபாத்துக்குச் செல்வதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியையும் அறிந்த வேறு இரு மொழிகளையும் கேட்டு நின்றுவிடுகிறது. அம்மொழிகள் ஒருவர் வாயில் எப்படிக் கூடி வாழ்கின்றன என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியது நாம். நீராவிக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் லாலாகுடாவுக்கு வாருங்கள். படிக்கப்படாத கடிதங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும். எனக்கு எழுதினால் உடன்வருகிறேன்.