பாஸ் ஆனால் போதுமா, புரிய வேண்டாமா?



பிளஸ் டூ ரிசல்ட் என்றாலே எங்கள் விருதுநகர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தலை நிமிரும். தேர்ச்சி சதவீதத்தில் எத்தனையோ வருஷம் எங்கள் மாவட்டம்தான் தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான். ஆனால் எத்தனை பேர் பாஸ் என்பது ஒரு கேள்வி. கணக்கும் விஞ்ஞானமும் பிள்ளைக்குப் புரிந்ததா என்பது வேறு கேள்வி.

புதுத் திட்டங்களுக்குக் குறைவே இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதே வருஷம் நவம்பரில், 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் சோதனை செய்து பார்த்துப் படிக்க 'வானவில் மன்றம்' வந்தது. இத்தனை பள்ளி, இத்தனை கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்கிறார்கள். அது மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி. குழம்பு ருசியைச் சாப்பிட்டவர்களிடம்தானே கேட்க வேண்டும்?

அப்படிக் கேட்டுப் பார்த்ததும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்கால வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். ஆராய்ச்சியாளர்கள் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019-லும் சோதித்திருந்ததால் ஒப்பிட முடிந்தது.

2021 டிசம்பரில், மொழிப் பாடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படிச் சரியானதில் சுமார் கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். மொத்தப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்கவில்லை, பிரயோஜனம் இல்லை என்று தள்ளவும் இல்லை, பார்த்தீர்களா? எதையும் இப்படித்தான் அளக்க வேண்டும். முன்னால் எப்படி, பின்னால் எப்படி, இது இல்லாதவர்கள் எப்படி?

எங்கள் பக்கத்தில் இது வெறும் பாடப் பேச்சு இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144. பெருக்கவும் வகுக்கவும் தெரியாத பெண், கணக்கப்பிள்ளை சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். விஞ்ஞானமும் அப்படியே. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கும் என்று பிள்ளை படிக்கிறாள். உடம்பில் சேரும் அதே மின்சாரத்துக்காகத்தான் பட்டாசு ஆபீஸில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள், நைலான் சேலை கூடாது என்கிறார்கள். இதை அவள் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னால் பாடம் புரிந்தது என்று அர்த்தம். அந்தப் புரிதல் ஒரு உயிரையே காப்பாற்றலாம்.

நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 52-ல் 27 போனால் எவ்வளவு என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பு என்றால் 144 பெட்டியை 6 பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள். விடை சரியாக இருந்தாலும் 'எப்படிம்மா வந்தது?' என்று கேளுங்கள். திட்டவே கூடாது! தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து எண்களை மாற்றிக் கேளுங்கள்.

அந்த நோட்டோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதில் பெற்றோர்கள்தான் அதிகம். 'திட்டம் நல்லா நடக்குதா டீச்சர்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். 'எங்க பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்க இன்னும் வரலை, என்ன செய்யலாம்?' என்று கேட்டுப் பாருங்கள், உருப்படியான பதில் வரும்.