மரவள்ளித் தேமலுக்கு மருந்து உண்டா?

கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் மரவள்ளி முக்கியமான பயிர். ஜவ்வரிசி கிடைப்பது அதன் கிழங்கிலிருந்துதான். அந்தச் செடியின் இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்கினால் அதுவே தேமல் நோய். கண்டதும் சிலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். கிடைத்ததை வாங்கித் தெளிக்கிறார்கள். நோய் போவதில்லை, பணம்தான் போகிறது!

காரணம் என்ன? தேமலைத் தருவது வைரஸ். பாக்டீரியாவும் பூஞ்சணமும் உயிரணு உடையவை. உணவை ஈர்த்துத் தாமே வளர்பவை. அந்த வேலையைக் கெடுத்து மருந்து அவற்றைக் கொல்கிறது. வைரஸுக்கோ உயிரணுவே கிடையாது. கொஞ்சம் மரபுப் பொருள், மேலே ஒரு புரத உறை, அவ்வளவுதான். செடியின் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் உழைப்பிலேயே பெருகுகிறது.

1935-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி, புகையிலைத் தேமல் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்ததும் நோய் மறுபடி வந்தது!

வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈயை மருந்தால் குறைக்கலாம். செடிக்குள் புகுந்துவிட்டதை எடுக்க முடியாது. நோயுற்ற செடியின் கரணையை நட்டால், மனிதனே அதை அடுத்த ஆண்டுக்கும் சுமந்து செல்கிறான். வீண் மருந்துக்குக் கொடுக்கும் காசை நோயற்ற கரணைக்குக் கொடுப்பதே விவேகம்.