மாநாடு கலைந்தபின் மிஞ்சுவது யாது?

மாநாடு கூட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. பந்தலும் பொன்னாடையும் மலர் வெளியீடும் நன்றியுரையும் குறைவின்றி அமைந்துவிட்டால் மாநாடு மாபெரும் வெற்றி என்று எழுதிவிடும் வழக்கமும் புதிதன்று. அவ்வழக்கம் இன்று கணினித் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. இணையத்தமிழ், வலைப்பதிவு, புதிய ஊடகம் என்னும் பெயர்களில் கூடும் அவைகளைக் குறித்து நம் மனத்திற்பட்டதை ஒளிவு மறைவின்றி இங்கே கூற விழைகிறோம்.

முதலில், செய்ந்நன்றி மறவாமை கருதி ஒன்றைச் சொல்லிவிடுவோம். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் அறிஞர் கூடியபோது, ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு என்று தமிழ் சிதறிக் கிடந்தது. சென்னையில் கூடியோர் ‘தமிழ்99’ என்னும் பொது விசைப்பலகையைத் தந்தனர். மறு ஆண்டில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ் அமைப்புத் தோன்றிற்று. ஒரு குறையைக் கண்டு, அதை நீக்கும் வழியும் கண்டு கலைந்த அவைகளை யாரே பழிப்பர்? 2003-ஆம் ஆண்டுமுதல் தமிழில் வலைப்பதிவுகள் மலரத் தொடங்கியபின், 2007 ஆகஸ்டில் சென்னையில் பட்டறை நடத்திப் புதியவர்க்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தோரையும், 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் திருவிழாக் கண்டோரையும் நாம் போற்றவே செய்கிறோம்.

நம் வழக்கு வேறு. எழுதுவது எப்படி, பரப்புவது எப்படி, பொருள் ஈட்டுவது எப்படி என்று இவ்வவைகள் ஓயாது பேசுகின்றன. எழுதியதைக் காப்பது எப்படி என்னும் வினாவுக்கு மட்டும் மேடையில் உரிய இடமில்லை. இஃது எத்துணைப் பெரிய குறை என்பதைப் பட்டறிந்தே கூறுகிறோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், அரசலாற்றங்கரைச் சிற்றூரில் ஆசிரியராக இருப்பவர். மூதாட்டிகள் பாடிய தாலாட்டுகளையும் ஞானப் பாடல்களையும், அரபுத்தமிழ் ஏடுகளிலிருந்து திரட்டிய சொற்களையும் ஆறாண்டுகள் தம் வலைப்பதிவில் இட்டு வந்தார். இடம் கொடுத்திருந்த நிறுவனம் ஒருநாள் கடையைக் கட்டியது. அறிவிப்பு வந்த மின்னஞ்சலை அவர் திறந்து பார்க்கவில்லை. ஆறாண்டு உழைப்பும் அடியோடு போயிற்று. பாடிக் கொடுத்த மூதாட்டிகளில் இருவர் மௌத்தாகிவிட்டனர். இனி யாரிடம் போய்க் கேட்பது?

இவ்வினாவைச் சுமந்துகொண்டுதான் நாம் ஒரு நகரில் நடந்த புதிய ஊடக மாநாட்டுக்குச் சென்றோம். பதிவுக் கட்டணம் ஒரு மதரஸா ஆசிரியரின் வாரச் செலவு. கழுத்தில் அட்டை மாட்டினார்கள். மேடையில் இருந்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் புகழ்ந்தனர். செலவை ஏற்ற நிறுவனத்தாரே முதல் சொற்பொழிவாளர். அவர் தம் சரக்கையே ஆய்வுரையாக வாசித்தார். ஈராண்டுக்கு முன் அதே அவையில் இயற்றிய தீர்மானங்கள் என்னவாயின என்று எவரும் கேட்டிலர். நாம் எழுந்து, “நிறுவனம் மூடப்பட்டால் எம் எழுத்து எங்கே போகும்?” என்றோம். “நல்ல கேள்வி, தேநீருக்கு நேரமாகிவிட்டது” என்றார் தலைவர். தேநீர் நன்றாகத்தான் இருந்தது!

நம் மாணவருக்கு நேர்ந்தது அவரோடு நிற்பதன்று. ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. அதே நிறுவனம் தன் மடற்குழுக்களை 2020 டிசம்பரில் முற்றாக நிறுத்தியது. ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ போன்ற குழுக்களில் தமிழர் இலக்கியம் பேசிய இடம் அது. குடியிருந்தவர் வாடகை கொடுக்கவில்லை. எனவே வீட்டுக்காரர் இடித்தபோது வழக்காடவும் உரிமையில்லை.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் சிந்திக்கும்போது நெஞ்சு கனக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை ஆசிரியப் பணி புரிந்தது இவ்வூர்க் கல்லூரியில்தான். கரையான் அரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். இவ்வட்டாரத்தவரான பா. தாவூத்ஷா நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ இதழ், தாள் பழுத்தேனும் இன்றும் கைக்குக் கிட்டுகிறது. கரையானுக்கு ஓலையைத் தின்னக் காலம் வேண்டும். வலைப்பதிவுக்கோ ஒரு நொடி போதும். தேடிச் செல்ல ஓர் ஓட்டை ஏடும் மிஞ்சாது.

அறபு நூல் மரபில் ஓர் ஒழுங்குண்டு. ஒரு நூல் அவையில் ஓதப்பட்டால், ஓதியவர் யார், கேட்டவர் யார், எந்த நாள், எவ்விடம் என்று அந்நூலின் ஏட்டிலேயே குறித்து வைப்பர். திமிஷ்க் நகரில் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓரத்தில் அமர்ந்து கேட்ட எளியவரின் பெயர்கூட இவ்வாறு நமக்குக் கிட்டியிருக்கிறது. இன்றைய மாநாட்டிலோ, கேட்டவர் பெயர் அட்டையோடு குப்பைக்குப் போகிறது.

வழி இல்லாமலா போயிற்று? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் ஈழத்தவர் தொடங்கிய நூலகம் திட்டமும் பழந்தமிழ் நூல்களையும் ஈழத்து ஆவணங்களையும் தொண்டர் உழைப்பால் காத்து வருகின்றன. 2013-இல் தோன்றிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ குழுவினர் வலைப்பதிவுகளையே மின்னூல்களாக்கி யாவர்க்கும் வழங்கினர். பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி இத்தகையோர்க்குப் போனால் போதும்.

ஆகவே, மாநாடு கூட்டுவோரிடம் மூன்று கேட்கிறோம். முந்தைய தீர்மானங்களின் கணக்கை முதல் அமர்விலேயே படியுங்கள். நிறுவனத்தாருக்கு அளிக்கும் நேரத்தில் பாதியையேனும் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் அளியுங்கள். வந்திருப்போர் ஒவ்வொருவரின் எழுத்துக்கும் ஒரு படியெடுத்துப் பொது நூலகமொன்றில் சேர்த்துவிட்டுக் கலையுங்கள்.

இவற்றைச் செய்யுமாயின் அம்மாநாட்டுக்கு நாமே முன்வந்து பாய் விரிப்போம். அரசலாற்றங்கரையில் இன்னும் சில மூதாட்டிகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் மாணவர் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறார். இம்முறை நோட்டுப் புத்தகத்தில்.