குழந்தைகள் வாழும் இல்லத்தில் கயிறில்லாத் திரை

வீட்டுக் கடன் பெற்று இல்லம் வாங்கும் குடும்பங்கள், சாவி கைக்கு வந்ததும் கதவுப் பூட்டு, மின்விசிறி, சமையலறை அலமாரி ஆகியவற்றை முதலில் கவனிக்கின்றன. சன்னல் திரைகள் பட்டியலின் இறுதியில் இடம்பெறுகின்றன. துணியின் நிறம் என்ன, வெயிலை எவ்வளவு தடுக்கும், சதுர அடிக்கு என்ன விலை என்ற மூன்று கேள்விகளோடு அத்தேர்வு முடிந்துவிடுகிறது. அத்திரையை எதைக் கொண்டு ஏற்றி இறக்கப் போகிறோம் என்ற நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் முதலில் கேட்கப்பட வேண்டியது அதுவே என்பது நம் கருத்து.

பெருநகர அடுக்ககங்களிலும் அலுவலகங்களிலும் இன்று பரவலாகக் காணப்படுவது, கடைகளில் ரோலர் பிளைண்டு என வழங்கும் சுருள் திரை. சன்னலின் மேற்புறம் ஒரு குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதில் துணி சுற்றப்பட்டிருக்கும். குழாயின் ஒரு முனையில் உள்ள பல்சக்கரத்தின் மீது மணிகள் கோத்த சங்கிலி ஒன்று முடிவில்லா வளையமாக ஓடுகிறது. ஒரு பக்கம் இழுத்தால் திரை ஏறும். மறுபக்கம் இழுத்தால் இறங்கும். எளிய, மலிவான, நீடித்து உழைக்கும் ஏற்பாடுதான். ஆனால் அந்த வளையம் சன்னலோரம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரம் வரை தொங்குகிறது. பெரியவர் அதைக் கைப்பிடியாகக் காண்கிறார். தவழ்ந்து எழுந்து நிற்கக் கற்ற குழந்தைக்கோ அது கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தோன்றும் மணிமாலை.

சிறு குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிட, பெரியவரின் தலையைவிடக் கனமானது. கழுத்துத் தசைகள் முழு வலிமை பெற்றிருப்பதில்லை, மூச்சுக்குழாயும் மென்மையானது. வளையத்துக்குள் கழுத்து அகப்பட்டுக் கால் சற்றே சறுக்கினால் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளக் குழந்தையால் இயலாது. பதினைந்து நொடிகளில் நினைவு தப்பலாம் என்றும், இரண்டு மூன்று நிமிடங்களில் உயிர் பிரியலாம் என்றும் பிரிட்டனின் விபத்துத் தடுப்புச் சங்கமான ரோஸ்பா எச்சரிக்கிறது. இவ்வகை மரணங்களில் பெரும்பாலானவை 16 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, படுக்கையறையில் நேர்ந்தவை என்றும் அச்சங்கம் கூறுகிறது. குழந்தை உறங்குகிறது என்று நாம் நிம்மதியாக இருக்கும் அறை அது. கழுத்து இறுகிய குழந்தையால் கூவி அழைக்கவும் முடியாது.

எச்சரிக்கைச் சீட்டு போதவில்லை

“நம் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள், குழந்தையைக் கண்ணைவிட்டு அகல விடுவதில்லை” என்று சிலர் கூறலாம். அந்த அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆயினும் பதினைந்து நொடி என்பது அடுப்பில் பொங்கும் பாலை இறக்கிவைக்கும் நேரம். எந்தக் குடும்பத்தின் விழிப்பும் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு நொடியும், இடைவெளியின்றி இருக்க இயலாது. இருந்தாக வேண்டும் என்று ஒரு பொருள் எதிர்பார்க்குமானால், குறை அந்தப் பொருளில் உள்ளது.

அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சான்று. சன்னல் திரைகளுக்கான முதல் பாதுகாப்புத் தரநிலை அங்கே 1996-இல் வந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் நீண்ட கயிறும் வளையச் சங்கிலியும் சந்தையில் நீடித்தன. எச்சரிக்கைச் சீட்டுகளும், கயிற்றைச் சுற்றி வைக்கும் கொக்கிகளும், பெற்றோருக்கான அறிவுரைகளுமே பெரிதும் நம்பப்பட்டன. 2009 டிசம்பரில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட திரைகள் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இவ்வளவுக்குப் பிறகும், ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் திரைக் கயிற்றில் சிக்கி இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. இறுதியில் தரநிலையே மாறியது. 2018 டிசம்பர் முதல், கடையில் ஆயத்தமாக விற்கப்படும் திரைகள் கயிறில்லாதவையாக, அல்லது குழந்தையின் கைக்கு எட்டாத கயிறு கொண்டவையாக இருக்க வேண்டும் என்றாயிற்று. அளவெடுத்துச் செய்து தரப்படும் திரைகளுக்கான கடுமையான விதிகள் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தன.

கனடா இன்னும் தெளிவாக எல்லை வகுத்துள்ளது: எட்டக்கூடிய கயிறு 22 சென்டிமீட்டருக்கும், வளையத்தின் சுற்றளவு 44 சென்டிமீட்டருக்கும் மிகலாகாது. ஆஸ்திரேலியாவில், தரையிலிருந்து 1.6 மீட்டருக்குக் கீழே கயிறோ சங்கிலியோ தளர்ந்து தொங்கக் கூடாது. இவ்விதிகள் யாவும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: பாதுகாப்பைப் பெற்றோரின் நினைவாற்றலிடம் விட்டுவிடாமல், பொருளின் அமைப்பிலேயே பொதிந்து வைக்க வேண்டும்.

குழாய்க்குள் ஒரு சுருள்வில்

கயிறில்லாத் திரை புதுமையான கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற அமெரிக்கர், சுருள்வில் பொருத்திய திரைக் குழாய்க்கு 1864-இலேயே காப்புரிமை பெற்றார். திரையின் அடிப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கும்போது குழாய்க்குள் உள்ள வில் முறுக்கேறுகிறது. திரையை நிறுத்தியதும் சிறு தடை ஒன்று விழுந்து குழாயைப் பூட்டிக்கொள்கிறது. மீண்டும் மெல்ல இழுத்து விட்டால் பூட்டு விலகி, சேமித்த முறுக்கால் திரை தானே மேலே சுருள்கிறது.

பழைய வகையில் ஒரு தொல்லை இருந்தது. கை நழுவினால் திரை படாரென்று மேலே பாயும். இன்றைய தரமான அமைப்புகளில் வேகத்தைத் தணிக்கும் உறுப்பு சேர்க்கப்படுவதால் திரை அமைதியாக ஏறுகிறது. வில்லையும் துணியின் எடையையும் சமன்படுத்திய வகைகளும் உண்டு. திரை இறங்க இறங்கத் தொங்கும் துணியின் எடை கூடுகிறது. அதற்கேற்ப வில்லின் முறுக்கும் கூடுகிறது. ஆகவே, விட்ட இடத்திலேயே திரை நிற்கிறது. இதற்கு வில்லின் வலிமை, திரையின் அகலத்துக்கும் துணியின் கனத்துக்கும் பொருந்தியதாக இருக்க வேண்டும். ஆதலால் பொருத்துநர் அளவெடுக்கும் வேளையிலேயே இதைக் குறிப்பிடுவது அவசியம்.

உயரமான சன்னலுக்குக் கை எட்டாதே என்ற ஐயம் நியாயமானது. அடிப்பட்டையில் மாட்டி இழுக்கும் நீண்ட கோல் அதற்குத் தீர்வாகும். வசதியுள்ளோர் குழாய்க்குள் மோட்டார் பொருத்திய திரையை நாடலாம். ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சில தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் நாணயம் போன்ற வட்டப் பேட்டரி உள்ளது. குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்படக்கூடும். மூடி திருகாணியால் இறுக்கப்பட்ட கருவியையே தேர்ந்தெடுத்து, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

விலை பற்றிய வாதம் எஞ்சுகிறது. சங்கிலித் திரையைவிடச் சுருள்வில் திரைக்குக் கூடுதலாகச் செலவாகக்கூடும் என்பதை மறுக்கவில்லை. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாதவர்கள் குழந்தை உறங்கும் அறையிலும் விளையாடும் அறையிலும் மட்டுமாவது முதலில் மாற்றலாம். உள்ளலங்காரத்துக்கு இலட்சக்கணக்கில் செலவிடும் பட்டியலில், இரண்டு சன்னல்களுக்கான இந்த வேறுபாடு சுமையாகாது.

நம் நாட்டில் செய்ய வேண்டியது

இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தையின் கையில் உள்ள பொம்மைக்கு இத்தனை கண்டிப்பு காட்டும் நாம், அதன் கட்டிலருகே தொங்கும் சங்கிலிக்கும் அதே கண்டிப்பைக் கோர வேண்டும். கைக்கு எட்டும் கயிற்றுக்கும் வளையத்துக்கும் கட்டாய அளவுவரம்பு வகுக்கப்பட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. அச்சட்டம் இழப்புக்குப் பின் நிவாரணம் தரும். இழப்பே நேராமல் தடுக்க அமைப்பு மாற்றம் வேண்டும்.

விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சங்கிலித் திரை ஏற்கெனவே உள்ள வீடுகளில் இன்றே சில செயல்களைச் செய்யலாம். சங்கிலியின் அடிவளையத்தை இழுத்துப் பிடித்துச் சுவரோடு திருகாணியால் இறுக்கும் பிடிப்பானைப் பொருத்துங்கள். தளர்ந்து தொங்கும் வளையம் இராது. தொங்கும் கயிறாயின் உயரத்தில் கொக்கி அடித்து, ஒவ்வொரு முறையும் சுற்றி வையுங்கள். கட்டில், தொட்டில், நாற்காலி ஆகியவற்றைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள். ஏறி விழும் ஆபத்தும் இதனால் குறையும். வாடகை வீட்டில் வசிப்போர் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கும்போது அங்குள்ள சன்னல்களையும் ஒருமுறை பாருங்கள். இவை யாவும் இடைக்கால ஏற்பாடுகளே. நிலையான தீர்வு கயிறில்லாத் திரைதான்.

புதிதாக வீடு வாங்குவோருக்கும், உள்ளலங்காரத்துக்காகக் கூடுதல் கடன் பெறுவோருக்கும் நாம் கூறுவது இதுவே. ஒப்பந்ததாரர் தரும் விலைப்பட்டியலில் திரைக்கான வரியைத் தேடிப் பாருங்கள். துணியின் பெயரும் அளவும் மட்டும் இருந்தால், “கயிறோ சங்கிலியோ இல்லாத அமைப்பு” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு கையொப்பமிடுங்கள்.